வீட்டை விற்றார் ஒரு அப்பா... மேசை போட்டுக் கொடுத்தார் இன்னொரு அப்பா!

ஸ்னூக்கர், பூல் மேசைகளில் சாதித்த பிள்ளைகளை உலகம் அறியும். அவர்களை அந்த மேசைவரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் கொடுத்த விலை என்ன?

2007 ஜனவரி 21, ஞாயிறு இரவு. லண்டன் வெம்ப்ளி அரங்கில் மாஸ்டர்ஸ் ஸ்னூக்கர் இறுதியாட்டம். ஒரு பக்கம் உள்ளூர்க் கூட்டத்தின் செல்லப்பிள்ளை ரோனி ஓ'சல்லிவன், வயது 31. எதிரே சீனாவின் டிங் ஜுன்ஹுய், வயது 19. அதே போட்டியின் தொடக்கச் சுற்றில், எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஒரே தொடர்ச்சியாக 147 புள்ளிகள் எடுத்து, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டங்களில் மிகக் குறைந்த வயதில் அந்த உச்ச பிரேக்கை எடுத்தவர் என்ற பெயரை அப்போதுதான் வாங்கியிருந்தார்.

முதல் இரண்டு ஃபிரேம்கள் டிங்குக்கு. அதற்குப் பிறகு ஓ'சல்லிவன் விஸ்வரூபம் எடுத்தார். கூட்டத்தில் சிலர் டிங்கைச் சீண்டிக் கத்த, பையன் உடைந்துபோனான். 9-3 என்று பின்தங்கியபோது, ஆட்டமே முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைகுலுக்கப் போய்விட்டான். ஜெயிக்க 10 ஃபிரேம் வேண்டும். இன்னும் ஆட வேண்டியிருந்தது. எதிராளியின் தோளில் கைபோட்டு, சமாதானம் சொல்லி, அரங்கைவிட்டு வெளியே அழைத்துப் போனது யார் தெரியுமா? ஓ'சல்லிவன்தான். இடைவேளை முடிந்து வந்து ஒரே ஃபிரேமில் கதையை முடித்தார். 10-3.

ஒரு பதின்வயதுப் பையன் ஊரறிய உடைந்துபோகும்போது ஓடிவந்து பிடிக்க வேண்டியவர் அப்பாவோ அம்மாவோதானே? டிங் வளர்ந்த ஊர் அங்கிருந்து சுமார் 9,000 கிலோமீட்டர். அவனுக்கு ஆறுதல் சொன்ன ஓ'சல்லிவனின் அப்பாவோ, ஆயுள் தண்டனைக் கைதியாக 15-வது ஆண்டாக இங்கிலாந்துச் சிறையில் இருந்தார்.

பிள்ளையின் ஆட்டத்துக்காக எதையும் செய்த இரண்டு அப்பாக்கள். பிள்ளைகள் ஜெயித்தார்கள். அதை மட்டும் பார்த்தால் கதை சுலபம்.

கடை, வீடு, பள்ளிக்கூடம்... எல்லாம் போகட்டும்!

டிங், 1987-ல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் யிஷிங் என்ற ஊரில் பிறந்தவர். களிமண் தேநீர்க் குடுவைகளுக்குப் பேர்போன ஊர். அப்பா டிங் வென்ஜுன் சிறு வியாபாரி, ஸ்னூக்கர் பைத்தியம். ஒருநாள் உள்ளூர் சாம்பியன் ஒருவருடன் ஆடிக்கொண்டிருந்த அப்பா நடுவில் கழிப்பறைக்குப் போக, அவருக்குப் பதிலாகச் சிறுவன் ஆட்டக் கோலான கியூவைப் பிடித்து ஆட்டத்தை முடித்துவிட்டான் என்பது ஸ்னூக்கர் உலகத்தில் எல்லோரும் சொல்லும் கதை.

பையனுக்குத் திறமை இருப்பது தெரிந்ததும் அப்பா அரைகுறையாக எதையும் செய்யவில்லை. வீட்டை விற்றார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கே டோங்குவான் நகரத்துக்குக் குடும்பம் நகர்ந்தது. ஸ்னூக்கர் பயிற்சி மையம் அங்கேதான் இருந்தது. பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மற்ற பிள்ளைகள் பாடம் படித்த நேரமெல்லாம் இவனுக்கு மேசைதான். நகர வீடுகளில் ஒரே ஒரு பிள்ளைதான் என்று சீன அரசு கட்டாயப்படுத்திய காலம் அது. குடும்பம் மொத்தமும் ஒரு கியூவின் மேல் ஏறி உட்கார்ந்தது.

2002-ல், 15 வயதில், ஆசிய சாம்பியன் பட்டம். அதே ஆண்டில் 21 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டமும். அடுத்த ஆண்டு தொழில்முறை ஆட்டக்காரராக இங்கிலாந்துக்குப் போனார். 2005 ஏப்ரலில், 18 வயது நிறைந்த இரண்டே நாளில், பெய்ஜிங்கில் நடந்த சைனா ஓப்பன் இறுதியில் ஏழு முறை உலக சாம்பியனான ஸ்டீஃபன் ஹென்ட்ரியை 9-5 என்று வீழ்த்தினார். சீனத் தொலைக்காட்சியில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஆட்டம் அது. 2014 டிசம்பரில் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். ஆசியாவிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

வென்ஜுன் செய்தது சரிதானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால், அவரைப் பார்த்து அதே மாதிரி வீட்டை விற்ற அப்பாக்கள் எத்தனை பேர்? அவர்களின் பிள்ளைகள் எங்கே? அந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. ஜெயித்தவன் வீட்டுக் கதைதான் நம் கைக்கு வருகிறது. கட்டுரையை மேலே படிக்கும்போது இதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சிறையில்... பையன் மேசையில்

ஓ'சல்லிவனின் அப்பா, அம்மா இருவரும் லண்டன் சோஹோ பகுதியில் வயது வந்தோருக்கான கடைகள் நடத்திக் காசு பார்த்தவர்கள். பையனுக்காக வீட்டிலேயே ஸ்னூக்கர் அறை கட்டி, முழு அளவு மேசை போட்டுக் கொடுத்தார் அப்பா. மேசை கொடுத்ததோடு நிற்கவில்லை; உடம்பு சோம்பக் கூடாது என்று ஓட வைத்தார். 10 வயதில் முதல் நூறு. 15 வயதில் முதல் 147. 1991-ல் 21 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டம். அதை வென்ற இடம் எது தெரியுமா? நம் பக்கத்து பெங்களூரு.

மறு ஆண்டே அப்பாவுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. சில ஆண்டுகளில் வரி ஏய்ப்பு வழக்கில் அம்மாவும் சிறை சென்றார். தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு பையனின் தலையில் விழுந்தது. இதற்கு நடுவில்தான், 1993-ல், 18 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, யு.கே. சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். தரவரிசைப் போட்டி ஒன்றை வென்றவர்களில் மிக இளையவர்! பிறகு ஏழு உலகப் பட்டங்கள். கூடவே மது, போதை, மன அழுத்தம் என்று இன்னொரு வாழ்க்கை. அதை அவர் ஒளிக்கவில்லை. தன் நூல்களிலும், 2023-ல் வந்த ஆவணப்படத்திலும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

ஓ'சல்லிவனின் திறமைக்கு அப்பா காரணமா? கொஞ்சம் இருக்கலாம். தடுமாற்றத்துக்கு? அதிலும் பங்குண்டு. இரண்டையும் ஒரே ஆள் கொடுக்க முடியும் என்பதுதான் இந்தக் குடும்பக் கதையில் நம்மை உறுத்துவது.

--- பெட்டிச் செய்தி ---
மேசைக் கணக்கு
● முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். பூல் போட்டி மேசை 9 அடிக்கு நாலரை அடி.
● ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. பூல் பந்து கொஞ்சம் பெரிது: 57.15 மி.மீ.
● ஸ்னூக்கரில் 15 சிவப்பு, 6 வண்ணப் பந்துகள், 1 வெள்ளை. ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் கறுப்பைப் போட்டு, கடைசியில் வண்ணங்கள் அனைத்தையும் முடித்தால் 147.
● பூலில் பிரபலமான 9-பால் ஆட்டத்தில், மேசையில் இருப்பவற்றில் சிறிய எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். 9-ம் எண் பந்தைப் போட்டவருக்கு வெற்றி.
● ஸ்னூக்கர் பிறந்தது 1875-ல், ஜபல்பூரில், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் விடுதியில். அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில்.
--- ---

சென்னை வீடுகளில் கேட்கும் கேள்வி

2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்பின் மகளிர் இறுதியாட்டத்தில், சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3-2 என்று வென்றார். எதிராளி லேசுப்பட்டவர் அல்ல. உலக மகளிர் பட்டத்தை மூன்று முறை வென்றவர். 15 சிவப்புப் பந்து முறையில் இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அனுபமாதான். ஊட்டியில் விதி எழுதிய ஆட்டத்தின் பட்டம் சுற்றி வளைத்து சென்னைக்கு வந்து சேர 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அதற்கு முந்தைய டிசம்பரில்தான் குகேஷ், 18 வயதில், சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆகியிருந்தார். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக, காது-மூக்கு-தொண்டை மருத்துவரான அப்பா ரஜினிகாந்த் தன் தொழிலையே ஓரங்கட்டினார். வருமானத்தைத் தாங்கிப் பிடித்தவர் நுண்ணுயிரியல் துறையில் இருக்கும் அம்மா பத்மா. இன்னொரு செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமியை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆக, 'நம்ம பிள்ளைக்கும் ஏதோ ஒண்ணு இருக்கே... இதையே பிடிச்சுக்கலாமா?' என்ற கேள்வி இன்று தமிழ் வீடுகளில் சகஜம்.

ஆனால் செஸ்ஸுக்கும் ஸ்னூக்கருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செஸ் போர்டு அலமாரியில் அடங்கும். இணையத்தில் நள்ளிரவிலும் எதிராளி கிடைப்பார். ஸ்னூக்கர் மேசைக்கு அடியில் கனத்த ஸ்லேட் பாறைப் பலகைகள். மொத்த எடை ஒரு டன்னுக்கும் மேல். சுற்றி நின்று கியூவை வீச வேண்டுமென்றால் சுமார் 22 அடிக்கு 16 அடி அறை தேவை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் ஹாலில் இதற்கு வழியே இல்லை. பிள்ளையை வெளியே, கிளப்புக்கோ பார்லருக்கோ அனுப்பித்தான் ஆக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். பெரிய மனிதர்களின் கிளப்பில் உறுப்பினர் ஆவது எல்லா வீட்டுக்கும் எட்டாது. தெருமுனை பார்லரோ பெரியவர்கள் புழங்கும் இடம். சிகரெட், பந்தயம், இரவு நேரம். 'போர்டு ஆடப் போறவன் உருப்பட்ட மாதிரிதான்' என்ற பேச்சு நம் ஊரில் சும்மா வரவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு 11 வயதுப் பெண் பிள்ளையை அனுப்ப வேண்டுமென்றால் கூடவே ஒருவர் போக வேண்டும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இரண்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். தினமும்.

காசுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 4 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 1,200 மணி நேரம். மேசைக்கு மணிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,40,000 ரூபாய். இது பந்தைத் தொடுவதற்கு மட்டும். கோச், கியூ, போட்டி நுழைவுக் கட்டணம், பெற்றோரில் ஒருவர் உட்பட இருவருக்கான ரயில், விடுதிச் செலவு எல்லாம் தனி. கடன் வாங்கியாவது இதைச் சமாளிக்கும் வீடுகள் உண்டு. மாலை நேரத்தைக் கடன் வாங்க முடியாது. அந்த நாற்காலியில் உட்காருவது அம்மாவா அப்பாவா, வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் ஹோம்வொர்க்கை யார் பார்ப்பது... குடும்பங்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். திறமையான பிள்ளையின் தம்பி, தங்கைகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

எல்லாவற்றுக்கும் முழு மேசையே வேண்டும் என்பதும் இல்லை. ஹென்ட்ரிக்கு 12 வயதில் கிறிஸ்துமஸ் பரிசாகப் பெற்றோர் வாங்கித் தந்தது 6 அடிக்கு 3 அடி மேசை. பரப்பில் உண்மையான மேசையில் கால்வாசி. அதில் ஆரம்பித்தவர் 21 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆரம்ப ஆசைக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

பிளஸ் டூவா... நேஷனல்ஸா?

பிள்ளைக்கு 14, 15 வயதாகும்போது இரண்டு தண்டவாளங்களும் ஒரே இடத்தில் குறுக்கிடும். ஒரு பக்கம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நீட். மறுபக்கம் மாநிலப் போட்டி, நேஷனல்ஸ், ஜூனியர் உலகக் கோப்பை. கியூவைப் பிடிக்கும் கை உறுதிப்படும் வயதும் அதுதான்.

இந்த இடத்தில் மற்ற விளையாட்டுகளோடு ஸ்னூக்கரை ஒப்பிட்டு முடிவெடுக்கும் பெற்றோர் ஏமாறுவார்கள். ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ், பூல் எதுவுமே ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1998 பாங்காக் தொடங்கி 2010 குவாங்சோ வரை இருந்தன. 2014 இன்ச்சியோனில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் 2018-லும் இல்லை, ஹாங்சோவிலும் இல்லை. இந்தியாவின் பங்கஜ் அத்வானி 2006-லும் 2010-லும் ஆசியத் தங்கம் வாங்கியவர். அவருக்குப் பின் வந்த தலைமுறைக்கு அந்த மேடையே கிடைக்கவில்லை. இந்தியாவில் அரசுப் பரிசுத் தொகை, வேலை, ஸ்பான்சர் எல்லாவற்றுக்கும் ஆசியப் பதக்கம்தான் எல்லோருக்கும் புரியும் மொழி. 'உலக சாம்பியன்' என்றாலும் 'ஒலிம்பிக்ல இருக்கா?' என்று கேட்கும் நாடு இது.

தொழில்முறை வட்டத்துக்குள் போனால்? உலக சாம்பியனுக்கு 5 லட்சம் பவுண்டு என்பது கவர்ச்சியான எண்தான். அந்த வட்டத்தில் இருப்பதே சுமார் 128 பேர். புதிதாக நுழைபவருக்கு இரண்டு ஆண்டு அனுமதி. அதற்குள் தரவரிசையில் மேலே வராவிட்டால் வெளியேறி, மறுபடி தகுதிச் சுற்று ஆட வேண்டும். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று புகார் எழுந்து, 2022-23 பருவத்திலிருந்து ஆளுக்கு 20,000 பவுண்டு உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். இங்கிலாந்தில் வாடகை கொடுத்து, போட்டிகளுக்குப் பறந்து வாழ அது எம்மாத்திரம்!

ஆக, 'படிப்பை விட்டுடலாமா?' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: டிங்கின் அப்பாவுக்கு அன்று சீனாவில் வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். நமக்கு இருக்கிறது. பங்கஜ் அத்வானி பி.காம். முடித்தவர்.

பெங்களூரு அம்மா

அத்வானியின் வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். பங்கஜ் சிறுவனாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா காஜல் இரண்டு பிள்ளைகளோடு பெங்களூருவில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். ஸ்னூக்கர் வீட்டுக்குள் வந்தது அண்ணன் ஸ்ரீ வழியாக. அவர் நண்பர்களோடு பார்லருக்குப் போக, 10 வயதுத் தம்பியும் ஒட்டிக்கொண்டான். பிறகு ஒரு போட்டியின் இறுதியாட்டத்தில் அண்ணனுக்கு எதிரே நின்றது அதே தம்பி. தம்பி ஜெயித்தான்.

அந்த ஒரு மாலையை யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் இதற்குப் பிறகு அண்ணன் கியூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தம்பியிடம் முகம் கொடுக்காமல் போயிருப்பான். ஸ்ரீ அத்வானி விளையாட்டு உளவியல் படித்தார். தம்பிக்கே பக்கபலமாக நின்றார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை, முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சவூரிடம் குடும்பம் ஒப்படைத்தது. 18 வயதில், 2003-ல், சீனாவில் முதல் உலகப் பட்டம். 2024 நவம்பரில் தோஹாவில் 28-வது!

இந்த வீட்டில் யாரும் எதையும் விற்றதாகக் கதை இல்லை. பெரிய சபதம் இல்லை. அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார், அண்ணன் மனதைப் பார்த்துக்கொண்டார், கோச் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அவரவர் வேலை அவரவருக்கு. சினிமா எடுக்க இதில் சரக்கு கம்மி. ஆனால், கால் நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டு வாழ்க்கை இதிலிருந்துதான் வந்திருக்கிறது.

--- பெட்டிச் செய்தி ---
120 பேரின் வீடுகள்
அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமின் குழு, பியானோ, சிற்பம், நீச்சல், டென்னிஸ், கணிதம், நரம்பியல் ஆராய்ச்சி ஆகிய துறைகளில் உச்சம் தொட்ட 120 பேரின் இளமைக் காலத்தை ஆராய்ந்து 1985-ல் நூலாக வெளியிட்டது. அதில் தெரிந்தவை:
● ஆரம்ப ஆண்டுகளில் ஆட்டம், ஆசை, பாராட்டு. முதல் ஆசிரியர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர். அவர் உலகப் புகழ் பெற்றவராக இருந்ததைவிடக் கனிவானவராக இருந்ததே உதவியது.
● நடு ஆண்டுகளில் நுட்பம், ஒழுங்கு, கடும் பயிற்சி. பெற்றோரின் நேரமும் பணமும் அதிகம் போகும் கட்டம்.
● கடைசிக் கட்டத்தில் உயர்நிலை ஆசான். முடிவுகள் பிள்ளையின் கைக்கு மாறுகின்றன. பெற்றோர் பின்னால் நகர்கிறார்கள்.
--- ---

நம் ஊர்ப் பெற்றோர் பலர் தடுக்கி விழுவது மூன்றாவது கட்டத்தில் என்று நினைக்கிறோம். உண்மையில் முதல் கட்டத்தையே தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை பந்தை நேராகப் போட்டுவிட்டால், அடுத்த வாரமே நேர அட்டவணை, வீடியோ, யூடியூப் சேனல்!

திட்டமே போடாமல் மேதை ஆனவர்களும் உண்டு. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ், ஐந்து வயதில் பெற்றோரைப் பிரிந்து மணிலாவில் மாமா வீட்டுக்கு வந்தவர். மாமா நடத்திய பூல் கூடத்தில் எடுபிடி வேலை, குளிர்பானப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று ஆட்டம், இரவில் மேசையிலேயே தூக்கம். பின்னாளில் உலகம் அவரை 'மந்திரவாதி' என்றது. 1999-ல் 9-பால் உலக சாம்பியன் ஆனார். அமெரிக்காவின் ஷேன் வான் போனிங் இதற்கு நேர் எதிர். தெற்கு டகோட்டாவில் அம்மா, தாத்தா என்று குடும்பமே பூல் ஆடும் குடும்பம். பிறவியிலேயே காது கேளாதவர். செவிக்கருவியை அணைத்துவிட்டு ஆடினால் அரங்கத்துச் சத்தம் அவருக்கு இல்லை. யு.எஸ். ஓப்பன் 9-பால் பட்டம் ஐந்து முறை. இவர்கள் இருவரையும் பார்த்து 'இப்படி வளர்த்தால் இப்படி வரும்' என்று சூத்திரம் எழுதுபவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஊரைவிட்டு அனுப்பிய பிறகு...

வெம்ப்ளியில் உடைந்துபோன டிங் திரும்பி எழுந்தார். அவருக்குப் பின்னால் அலை அலையாக வந்த சீனப் பையன்கள் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

டிங்கைப் பார்த்து நூற்றுக்கணக்கான வீடுகள் பிள்ளைகளை அகாடமிகளில் சேர்த்தன. தேறியவர்கள் 16, 17 வயதில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு அனுப்பப்பட்டார்கள். மொழி தெரியாது. படிப்பு பாதியில் நின்றது. சமைக்கத் தெரியாது. மேசை, அறை, செல்போன். வீட்டில் எல்லோரும் இவன் ஜெயித்த செய்திக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

2023 ஜனவரியில் குண்டு வெடித்தது. சீன ஆட்டக்காரர்கள் 10 பேர் மீது ஆட்டத்தை விலைபேசிய புகார். ஜூனில் தீர்ப்பு. லியாங் வென்போ, லி ஹாங் இருவருக்கும் ஆயுள் தடை. இளையவர்களை இழுத்துவிட்டு, மிரட்டி ஆட்டிவைத்த மூத்தவர்கள் இவர்கள் என்றது விசாரணை. 2021-ல் 20 வயதிலேயே மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற யான் பிங்டாவுக்கு ஐந்து ஆண்டுத் தடை. மற்றவர்களுக்கும் பல அளவுகளில். எல்லோரிலும் குறைந்தது ஜாவ் ஷின்டோங்குக்கு: 20 மாதம். அவர் எந்த ஆட்டத்தையும் தோற்றுக் கொடுக்கவில்லை. நண்பர் விலைபோனதற்கு உடந்தையாக இருந்ததையும், பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டார்.

குற்றம் குற்றம்தான்; அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் என்ற முறையில் இதைப் படிக்கும்போது வேறு ஒன்று கண்ணில் படும். இந்தப் பையன்களுக்குப் பந்தை வெட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், எதிராளிக்கு வாய்ப்பு தராத 'சேஃப்டி' ஆடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கூட ஆடும் 'அண்ணன்' ஒருவர் தோளில் கைபோட்டுத் தப்பான காரியத்துக்குக் கூப்பிட்டால் 'முடியாது' என்று சொல்ல யார் கற்றுக்கொடுத்தது? தோற்றால்கூட வீட்டுக்கு போன் பண்ணலாம் என்ற தைரியம் எத்தனை பேருக்கு இருந்தது? நம் ஊர் பார்லர்களிலும் 'சின்ன பெட்டுதானே தம்பி' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கியூ வாங்கிக் கொடுக்கும்போதே பந்தயம் பற்றியும் வீட்டில் பேசிவிட வேண்டும். பேசினால் கெட்டுப்போவான் என்று தள்ளிப்போடும் பெற்றோருக்கு முன்னால் வேறு யாராவது பேசிவிடுவார்கள்.

ஜாவின் கதை அங்கே முடியவில்லை. தடை முடிந்து 2024-ல் திரும்பினார். தொழில்முறை அனுமதி இல்லாததால் தகுதிச் சுற்றிலிருந்தே ஆடி, 2025 மே மாதம் ஷெஃபீல்டில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று உலக சாம்பியன் ஆனார். டிங்குக்கே கிடைக்காத பட்டம். 2016 இறுதியாட்டத்தில் டிங் தோற்றிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

ஸ்னூக்கரில் ஒரு விசித்திரம் உண்டு. டென்னிஸில் எதிராளி அடித்தால் ஓடிப்போய்த் திருப்பி அடிக்கலாம். இங்கே எதிராளி மேசையில் இருக்கும்வரை நம் பிள்ளை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பேசக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. பார்வையாளர் பக்கமிருந்து யாரும் யோசனை சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் 12 வயதுப் பிள்ளை எங்கே பார்க்கும்? அப்பாவின் முகத்தைத்தான்.

ஜூனியர் போட்டி நடக்கும் எந்த ஹாலிலும் இதைப் பார்க்கலாம். சுலபமான பிங்க் பந்து தவறியதும் நெற்றியில் அடித்துக்கொள்ளும் அப்பா. கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் முணுமுணுக்கும் அம்மா. வாசலுக்குப் போய்விட்டு ஃபிரேமுக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவர். இவர்களில் பிள்ளைக்கு நிம்மதி தருபவர் கடைசி ஆள்தான் என்பது என் கட்சி. ஆட்டம் தெரிந்த பெற்றோரைவிட, ஆட்டம் தெரியாமல் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோரின் முகம் பிள்ளைக்கு உதவியாக இருக்கும். அவருக்கு அது கஷ்டமான பிங்க்கா, சுலபமான பிங்க்கா என்றே தெரியாது.

அதைவிடப் பெரிய சோதனை, தோற்றபின் வீடு திரும்பும் பயணம். மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயிலில் திரும்பும்போது, 'அந்த மூணாவது ஃபிரேம்ல ஏன் ப்ளூவுக்குப் போனே?' என்று ஆரம்பித்தால், விழுப்புரம் வருவதற்குள் பிள்ளைக்கு ஆட்டமே கசந்துவிடும். எந்த ஷாட் தப்பு என்று கோச் சொல்வார். அப்பாவிடம் அந்தப் பிள்ளை எதிர்பார்ப்பது, 'சாப்பிட்டியா?'

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டமும் உண்டு. 'இத்தனை நாள் ஆடினது போதும், இனிமே வரன் பார்க்கலாம்' என்ற பேச்சு எழும் கட்டம். அனுபமா உலகப் பட்டம் வென்றது 23 வயதில். அந்த வயதில் கியூவை மூட்டை கட்டி வைக்கச் சொல்லாத ஒரு வீடு இருந்தால்தான் அது நடக்கும்.

யாருடைய ஆட்டம்?

அப்பா தானே கோச்சாகவும் இருந்து, அதில் பெருமளவு வெற்றியும் கண்ட ஒரு வீடும் உண்டு. ஸ்டீவ் டேவிஸின் அப்பா பில், லண்டனில் தொழிலாளர் கிளப் ஒன்றில் ஆடும் சாதாரண ஆட்டக்காரர். பையனுக்கு 12 வயது வாக்கில் ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தார். சொந்தச் சரக்கை நம்பாமல், பழைய சாம்பியன் ஜோ டேவிஸ் எழுதிய பயிற்சி நூலை வாங்கி, அப்பாவும் மகனும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து கற்றார்கள். அதிலிருந்து உருவான ஸ்டீவ், 1981-க்கும் 1989-க்கும் நடுவில் ஆறு முறை உலக சாம்பியன். பணம், ஒப்பந்தம், ஊர்ப் பயணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள பேரி ஹெர்ன் என்ற மேலாளர் வந்தார். பில் கியூவின் நேர்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டார். காசு விஷயத்தில் அப்பா தலையிடாதது அந்த வீட்டின் அதிர்ஷ்டம் என்பேன்.

ஸ்டீவ் பட்டங்கள் வெல்வது நின்ற பிறகும் ஆடுவதை நிறுத்தவில்லை. 40 தாண்டியது, 50 தாண்டியது. 2010-ல், 52 வயதில், நடப்பு சாம்பியன் ஜான் ஹிக்கின்ஸை ஷெஃபீல்டில் வீழ்த்தி ஊரையே திகைக்க வைத்தார். அதற்குப் பிறகு தகுதிச் சுற்றுகளில் தோற்றுக்கொண்டே இருந்தார். ஏன் இன்னும் இழுக்கிறார் என்று பலரும் முணுமுணுத்தார்கள்.

2016 மார்ச்சில், 89 வயதில், பில் இறந்தார். அடுத்த மாதம், உலக சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருக்கும்போதே, ஸ்டீவ் ஓய்வை அறிவித்தார். அவருக்கு அப்போது 58. அப்பாவின் பொழுதுபோக்காக இருந்ததால்தான் இத்தனை காலம் போட்டிகளில் ஆடினேன், அவர் இல்லாதபோது தொடரக் காரணமில்லை என்ற பொருளில் விளக்கமும் சொன்னார்.